சமுதாயக் கல்லூரியில் கணினி வலையமைப்பு படிப்பது எப்படி: சென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“சார், நெட் வரல.” வலையமைப்புத் துறையில் வேலைக்குச் சேரும் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் கேட்கப்போகும் புகார் இதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள சிறிய பட்டறையாக இருந்தாலும், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பெரிய மென்பொருள் நிறுவனமாக இருந்தாலும், பயன்படுத்துபவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான். கேபிளின் முனை தளர்ந்திருக்கலாம், பல கணினிகளை இணைக்கும் ஸ்விட்சின் போர்ட் (கேபிள் செருகும் துளை) செயலிழந்திருக்கலாம், வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரி அதற்குக் கிடைக்காமல் போயிருக்கலாம், இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வர் பதில் தராமல் இருக்கலாம். மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் சேவை நிறுவனத்தின் ஃபைபர் அறுந்திருக்கலாம். இவற்றுள் எது காரணம் என்பதை ஒழுங்கான வரிசையில் சோதித்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இத்துறையில் வேலை இருக்கிறது.

நானும் சென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு படித்து இத்துறைக்கு வந்தவன். இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குக் களத்தில் வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பாடத்தை ஒப்பிக்கத் தெரிந்தவரையும் பழுதைத் தேடத் தெரிந்தவரையும் முதல் நாளிலேயே வேறுபடுத்திப் பார்க்க முடிகிறது. அந்த வேறுபாடு ஆய்வக நேரத்தை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதிலிருந்துதான் வருகிறது. கல்லூரியின் பெயரிலிருந்தோ பள்ளியில் எடுத்த மதிப்பெண்ணிலிருந்தோ அது வருவதை நான் பார்த்ததில்லை. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து முதல் வேலையில் சேருவது வரை ஒவ்வொன்றையும், பழுது தேடும் திறனை அது வளர்க்கிறதா என்ற ஒரே அளவுகோலைக் கொண்டே இங்கே சொல்லப்போகிறேன்.

சேருவதற்கு முன்

சமுதாயக் கல்லூரி என்ற கருத்து அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901 ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரியை இவ்வகையில் மூத்ததாகச் சொல்வார்கள். அங்குள்ளவை பெரும்பாலும் இரண்டாண்டுப் பட்டம் வழங்கி, பிறகு பல்கலைக்கழகத்தில் தொடர வழி செய்கின்றன. இந்தியாவில் அந்தக் கருத்து வேறு வடிவம் எடுத்தது. 1995 இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அதற்கு அடுத்த ஆண்டு சென்னையில் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள், பன்னிரண்டாம் வகுப்பில் தேறாதவர்கள், கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோரை ஓராண்டுக்குள் ஒரு வேலைக்குத் தகுதியாக்குவதே இங்கே நோக்கமாக இருந்தது. அதனால்தான் இக்கல்லூரிகளில் தொழிற்பாடத்துடன் வாழ்க்கைத் திறன், பேச்சுத் திறன், நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி ஆகியவையும் பாடத்திட்டத்தின் பகுதிகளாக இருக்கின்றன. சைதாப்பேட்டையில் இயங்கும், 2002 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளித்துத் தொழிற்பட்டயங்களை வழங்கி வந்திருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தொடக்கத்திலேயே நீக்கிக்கொள்ள வேண்டும். சமுதாயக் கல்லூரியில் பெறும் ஓராண்டுப் பட்டயமும் பாலிடெக்னிக்கில் பெறும் மூன்றாண்டுப் பட்டயமும் ஒன்றல்ல. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். சமுதாயக் கல்லூரிப் பட்டயத்தைக் கொண்டு அவ்வாறு சேரலாம் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்புக்கென ஓராண்டுத் தொழிற்பிரிவு ஒன்று உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு அருகில் எது இருக்கிறது, எதில் கருவிகள் நன்றாக உள்ளன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம் என்று கல்லூரியில் கேட்டுக்கொண்டு, அந்த அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு உண்டா என்பதை வழங்கும் அமைப்பிடமே நேரில் சென்று உறுதிசெய்யுங்கள்.

கட்டணம் செலுத்துவதற்கு முன் ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நான் படித்த இடத்தில் ரூட்டர்களும் ஸ்விட்சுகளும் கண்ணாடிக் கதவு போட்ட ரேக்கில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்டுவதற்காகத் திறக்கப்பட்ட அந்தக் கதவு எங்களுக்காக இரண்டு மாதம் வரை திறக்கப்படவில்லை. வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டுக் கேட்ட பிறகே சாவி கிடைத்தது. அந்த இரண்டு மாதங்களை நான் இன்றும் இழப்பாகவே எண்ணுகிறேன். ஆகவே நீங்கள் பார்க்கச் செல்லும்போது ரேக்கின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். குப்பைத்தொட்டியில் வெட்டிப் போட்ட கேபிள் துண்டுகளும் வீணான கனெக்டர்களும் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் அங்கே மாணவர்கள் கைவைத்து வேலை செய்கிறார்கள் என்று பொருள். ஒரு ஸ்விட்சைச் சுற்றி எத்தனை பேர் அமருகிறார்கள், வகுப்பு முடிந்த பிறகும் ஆய்வகம் திறந்திருக்குமா, நிறுவனப் பயிற்சி எத்தனை வாரம், சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே பயிற்சிக்குச் சென்றார்கள் ஆகிய கேள்விகளுக்கு நேரான பதில் வரும் இடத்தில் சேருங்கள்.

கேபிளில் தொடங்குவது

முதல் மாதத்தில் கேபிள் முனையில் கனெக்டர் பொருத்தக் கற்றுத்தருவார்கள். இதை எலக்ட்ரீஷியன் வேலை என்று எண்ணி அலட்சியம் செய்யும் மாணவர்கள் உண்டு. நான் களத்தில் பார்த்த பழுதுகளில் பெரும்பங்கு இந்த அரை அங்குல இடத்தில்தான் இருந்தது என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டு கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். பரவலாகப் பயன்படும் வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சைச் சோடி மட்டும் ஏன் பிரிந்து மூன்றாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் அமர்கிறது என்று மாணவர்கள் கேட்பதே இல்லை. வரிசையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பயிற்சிக் காலத்தில் ஒரு கிடங்கில் ஏறத்தாழ 70 மீட்டர் கேபிளுக்கு நான் முனை போட்டபோது, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று சோடி சோடியாக அடுக்கிவிட்டேன். இரு முனையிலும் ஒரே வரிசையில் இருந்ததால் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. ஆனால் கணினியை இணைத்தால் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. என்னுடன் வந்த மூத்த டெக்னீஷியன் கனெக்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, விளக்கு எரியுது, ஆனா சோடி உடைஞ்சிருக்கு” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது. ஒரு சமிக்ஞை எப்போதும் இரண்டு கம்பிகளில் எதிரெதிராகச் செல்கிறது. அவ்விரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தால்தான் பக்கத்துச் சோடியிலிருந்து வரும் குறுக்கீடு இரண்டிலும் சமமாக விழுந்து நீங்கும். மூன்றாம் இடமும் ஆறாம் இடமும் ஒரு சமிக்ஞைக்கு உரியவை. அவற்றில் இரு வேறு சோடிகளின் கம்பிகளைப் போட்டுவிட்டால் முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு போய்விடுகிறது. குறுகிய கேபிளில் இது தெரியாது. நீளம் கூடும்போது தெரியும். விலை குறைந்த டெஸ்டர், கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். சோடி சரியாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. இவ்வாறு ஒரு கருவி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று கேட்டுப் பழகுவதே இந்தப் படிப்பின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

இதனுடன் இன்னும் சிலவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதில் 90 மீட்டர் சுவருக்குள் நிலையாகச் செல்வது, 10 மீட்டர் இரு முனைகளிலும் இணைக்கும் பேட்ச் கார்டுகளுக்கு உரியது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும். 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகவே கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால், பெரும்பாலும் நீலம் அல்லது பழுப்புச் சோடியில் ஏதோ ஒரு கம்பி சரியாக அழுந்தவில்லை.

முகவரிக் கணக்கு

இரண்டாம் மாதத்திலிருந்து, ஒரு முகவரித் தொகுதியைச் சிறு வலையமைப்புகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு வரும். கணக்குப் பாடத்தில் பயந்தவர்கள் இங்கே மனம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். இதற்குத் தேவையானது 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற எட்டு எண்களும் கூட்டல் கழித்தலும் மட்டுமே. கால்குலேட்டரையோ செயலியையோ பயன்படுத்தாமல் நாள்தோறும் ஐந்து கணக்குகள் தாளில் போட்டால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் வரும் நேரம் இதற்குப் போதும்.

எடுத்துக்காட்டாக 192.168.10.77/27 என்ற முகவரியைப் பாருங்கள். மொத்தமுள்ள 32 பிட்களில் (0 அல்லது 1 என்ற இலக்கங்களில்) 27 வலையமைப்பைக் குறிக்கின்றன. மீதமுள்ள 5 பிட்கள் கருவிகளுக்கு உரியவை. 5 பிட்களால் 32 எண்கள் அமையும். ஆகவே முகவரியின் கடைசி எண்ணில் வலையமைப்புகள் 0, 32, 64, 96 என்று முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக நகரும். 77 என்பது 64க்கும் 96க்கும் இடையில் விழுவதால், வலையமைப்பின் முகவரி 64, எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 95, கருவிகளுக்குத் தரக்கூடியவை 65 முதல் 94 வரையுள்ள 30 முகவரிகள். இப்போது அதே அறையில் உள்ள அச்சுப்பொறிக்கு யாரோ 192.168.10.100 என்ற முகவரியைக் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஸ்விட்சில் இணைந்திருந்தாலும், கணினியின் பார்வையில் அச்சுப்பொறி வேறு வலையமைப்பில் இருக்கிறது. எனவே அது செய்தியை நேராக அனுப்பாமல் வெளியே செல்லும் வாயிலான கேட்வேயிடம் கொடுக்கும், அச்சு வராது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இந்தப் பழுது தீராது. கணக்குத் தெரிந்தவர் இரண்டு முகவரிகளையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடைக்கு 192.168.10.0/24 என்ற ஒரே தொகுதியைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். பில் போடும் பிரிவில் 50 கருவிகள், கணக்குப் பிரிவில் 25, கண்காணிப்புக் கேமராக்கள் 10, இரு ரூட்டர்களுக்கு இடையே ஓர் இணைப்பு. பெரியதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இங்கே விதி: பில் பிரிவுக்கு 0 முதல் 63 வரை /26, கணக்குப் பிரிவுக்கு 64 முதல் 95 வரை /27, கேமராக்களுக்கு 96 முதல் 111 வரை /28, ரூட்டர் இணைப்புக்கு 112 முதல் 115 வரை /30. மீதமுள்ள இடத்தைக் கடை விரிவடையும்போது தரலாம். நீங்கள் சென்று வரும் ஒவ்வோர் அலுவலகத்தையும் மருத்துவமனையையும் இப்படிப் பகிர்ந்து பாருங்கள்.

ஐ.பி. பதிப்பு 6 பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. பதிப்பு 4 முகவரிகளின் பொதுத் தொகுப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. இந்தியாவின் கைபேசி வலையமைப்புகளில் பதிப்பு 6 இன்று மிகப் பரவலாக இயங்குகிறது. உங்கள் கைபேசியின் அமைப்புகளில் முகவரியைத் திறந்து பார்த்தாலே அது தெரியும். ஆகவே அந்தப் பாடம் வரும் வரை காத்திராமல் நீங்களாகவே தொடங்கிவிடுங்கள்.

பழுது தேடும் வரிசை

கேபிள் முதல் செயலி வரை வலையமைப்பின் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் தேர்வுக்காக எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அதைக் கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டாகப் பயன்படுத்தினால்தான் அதற்குப் பயன் உண்டு. முதலில் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு கணினிக்கு எந்த முகவரி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள்; 169.254 என்று தொடங்கினால் முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரை அது எட்டவில்லை என்று பொருள். அடுத்து, எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் செய்தியைக் கேட்வேக்கு அனுப்புங்கள். அது பதில் தந்தால் வெளியே 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்கு அனுப்புங்கள். அதுவும் பதில் தந்து, இணையதளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் வரவில்லை என்றால், பழுது டி.என்.எஸ். பகுதியில் இருக்கிறது. பிங் பதில் வராததாலேயே எதிர்முனை இறந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். விண்டோஸின் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். அதே வலையமைப்பில் உள்ள கருவியாக இருந்தால், எந்த ஐ.பி. முகவரி எந்தக் கருவிக்கு உரியது என்று குறித்து வைக்கும் உங்கள் கணினியின் ஏ.ஆர்.பி. அட்டவணையில் அதன் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; பதிவாகியிருந்தால் அது உயிருடன் இருக்கிறது.

ஆய்வகத்தில் ஒருவர் வேண்டுமென்றே பழுதை உண்டாக்குவதும் மற்றவர் அதைத் தேடுவதும் மிகச் சிறந்த பயிற்சி. நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் மாலை நான்கு மணிக்கு மேல் இதைச் செய்தோம். புத்தகத்தில் படித்த ஆறு மாதத்தைவிட அந்த மாலைப்பொழுதுகள் எனக்கு அதிகம் கொடுத்தன. நீங்கள் உண்டாக்கிப் பார்க்க வேண்டிய பழுதுகளில் முதன்மையானது இரண்டாவது டி.எச்.சி.பி. சர்வர். வீட்டில் பயன்படுத்தும் வைஃபை ரூட்டரை எடுத்துவந்து, அதன் லேன் போர்ட்டை ஆய்வக ஸ்விட்சில் செருகுங்கள். சற்று நேரத்தில் சில கணினிகளுக்குச் சரியான முகவரியும் சிலவற்றுக்கு 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் அந்நிய முகவரியும் கிடைக்கும். அலுவலகங்களில் யாராவது தம் மேசைக்கு வைஃபை வேண்டும் என்று இதைச் செய்துவிடுவதால், பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது என்ற விசித்திரமான புகார் எழும்.

இதை எப்படித் தேடுவது? பாதிக்கப்பட்ட கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளையை முழு விவரத்துடன் (ipconfig /all) கொடுத்தால், முகவரியை வழங்கிய டி.எச்.சி.பி. சர்வரின் முகவரி தெரியும். அதற்குப் பிங் அனுப்பி, ஏ.ஆர்.பி. அட்டவணையில் அதன் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 48 பிட் கொண்ட மேக் முகவரியின் முதல் 24 பிட்கள் தயாரிப்பாளரைக் குறிப்பதால், அது எந்த நிறுவனத்தின் கருவி என்பதும் தெரிந்துவிடும். பிறகு ஸ்விட்சின் மேக் அட்டவணையில் அந்த முகவரி எந்தப் போர்ட்டில் கற்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் போர்ட் இன்னொரு ஸ்விட்சுக்குச் சென்றால், அங்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். கடைசியில் கேபிளைப் பின்தொடர்ந்தால் யாருடைய மேசைக்கு அடியிலோ அந்த ரூட்டர் இருக்கும். இந்த ஒரு தேடலில் முகவரி, ஏ.ஆர்.பி., ஸ்விட்சிங், கேபிள் நான்கும் அடங்கிவிடுகின்றன.

அடுத்து, ஸ்விட்சுகளில் செய்திகள் முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்திவிட்டு ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிப் பாருங்கள். ஆசிரியரின் அனுமதியுடன், கல்லூரியின் பிற இணைப்புகளிலிருந்து துண்டித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். எல்லா விளக்குகளும் ஒருசேர வேகமாகத் துடிக்க, சில நொடிகளில் எதுவும் எங்கும் செல்லாமல் நின்றுவிடும். அமெரிக்கக் கணினி அறிஞர் ராடியா பெர்ல்மன் 1985 இல் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையை வகுத்தது ஏன் என்பது அப்போது புரியும். ஒரே ஸ்விட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் வீலேன் (VLAN) பாடத்தில், இரு ஸ்விட்சுகளுக்கு இடையே பல வீலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் இணைப்பில் ஒரு வீலேனை மட்டும் அனுமதிக்காமல் விட்டு, உங்கள் தோழரைத் தேடச் சொல்லுங்கள்.

வலையமைப்பில் செல்லும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துங்கள். அது இலவசம். ஒரு கணினி முகவரி பெறும்போது டிஸ்கவர், ஆஃபர், ரெக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்ற நான்கு செய்திகள் செல்வதாகப் படிப்பதற்கும், அந்த நான்கும் திரையில் அடுத்தடுத்து வந்து விழுவதைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. உங்கள் கணினியிலும் ஆய்வகத்திலும் மட்டுமே இதைச் செய்யுங்கள். பொது வைஃபையில் பிறருடைய போக்குவரத்தைப் பிடித்துப் பார்ப்பது சட்டப்படியும் நெறிப்படியும் தவறு.

தொலைவைப் புரிந்துகொள்ள, செய்தி செல்லும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை உதவும். சென்னைவாசிகளுக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது: கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் இது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கேபிள்களின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே போய்வர 32 மில்லிநொடிக்குக் குறையாமல் ஆக வேண்டும். சிங்கப்பூரில் உள்ள சர்வருக்குப் பிங் அனுப்பி 35 என்று வந்தால் பாதை நேராக இருக்கிறது. 150 என்று வந்தால் வேறு எங்கோ சுற்றிச் செல்கிறது அல்லது நெரிசல் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கேபிளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டிலும் வெளியிலும்

சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளை நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவுசெய்து இலவசமாகப் பெறலாம். சாதாரணக் கணினியிலேயே அது ஓடும். ஆனால் அது நடித்துக்காட்டும் மென்பொருள். உண்மைக் கருவியின் எல்லாக் கட்டளைகளும் அதில் இல்லை, தளர்ந்த கனெக்டரும் அதில் இல்லை. அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவில் கேபிள், கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், ஸ்விட்சுக்குக் கட்டளை கொடுக்கக் கணினியுடன் இணைக்கும் கன்சோல் கேபிள், பழைய ஸ்விட்சுகள் எல்லாம் கிடைக்கும். நான்கு நண்பர்கள் சேர்ந்து மேலாண்மை வசதியுள்ள ஒரு பழைய ஸ்விட்சை வாங்கினால், ஆண்டு முழுவதும் பயன்படும். வாங்குவதற்கு முன் கடையிலேயே மின்சாரம் கொடுத்து, கன்சோலில் 9600 வேகத்தில் இணைந்து, அது முழுமையாகத் துவங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். முனை போடும் பயிற்சிக்குச் செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வேண்டாம். அது எளிதில் ஒடியும், கை தவறாகப் பழகும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பெரிய சுவராகத் தெரியும். கட்டளைகளும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதை மாற்ற முடியாது; ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் முந்நூறுக்கு மேல் போகாது என்பது என் அனுபவம். ஒரு நோட்டில் ஒவ்வொரு பிழைச் செய்தியையும் அப்படியே எழுதி, அதன் கீழே அது எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று தமிழில் எழுதி வாருங்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் லினக்ஸ் பாடங்கள் தமிழில் கிடைக்கின்றன. லினக்ஸ் அடிப்படை தெரியாமல் இன்று வலையமைப்பில் நெடுந்தூரம் செல்ல முடியாது. வீட்டில் அமைதியான இடம் இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது; சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கே அங்கே தனிப் பகுதி உண்டு.

பயிற்சி, தேர்வு, வேலை

நிறுவனப் பயிற்சிக்குப் பெரிய பெயருள்ள இடத்தைத் தேட வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அங்கே பயிற்சி மாணவருக்குப் பெரும்பாலும் விசைப்பலகை கூடக் கிடைக்காது. கிண்டியிலோ அம்பத்தூரிலோ பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களுக்குப் பராமரிப்பு செய்து தரும் சிறு நிறுவனத்தில் சேர்ந்தால், ஒரே வாரத்தில் கேமராவும் பார்ப்பீர்கள், ஃபயர்வாலும் பார்ப்பீர்கள், பெருமழையில் நனைந்த இணைப்புப் பெட்டியும் பார்ப்பீர்கள். உடன் செல்லும் அண்ணன் எதை முதலில் தொடுகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்று கவனியுங்கள்.

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 200-301 என்ற எண் கொண்ட இத்தேர்வு 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. ரூபாயில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். படிக்கும் ஆண்டிலேயே கடன் வாங்கி இதை எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. பாடத்திட்டத்தை மட்டும் இப்போதே கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதில் ரூட்டிங் சார்ந்த பகுதிக்கு 25 விழுக்காடும், அடிப்படைகளுக்கும் ஸ்விட்சிங் பகுதிக்கும் தலா 20 விழுக்காடும், பாதுகாப்புக்கு 15 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வேலையில் சேர்ந்து ஆறு மாதச் சம்பளம் வாங்கிய பிறகு எழுதினால், கட்டணமும் கனக்காது, கேள்விகளும் புரியும். கசிந்த கேள்வித்தாள் என்று விற்கப்படுபவற்றை வாங்காதீர்கள். அவற்றை மனப்பாடம் செய்து தேறியவர்கள் நேர்முகத்தில் ‘ஒரு கணினிக்கு 169.254 முகவரி வந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதல் வேலை பெரும்பாலும் ஃபீல்டு இன்ஜினியர், டெஸ்க்டாப் சப்போர்ட், அல்லது இரவுப் பணியும் உள்ள நெட்வொர்க் கண்காணிப்பு மையம் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். நேர்முகத்துக்குச் செல்லும்போது நீங்கள் ஆண்டு முழுவதும் எழுதிய அந்தப் பழுது நோட்டைக் கையில் கொண்டு செல்லுங்கள். சான்றிதழைவிட அதை நான் நெடுநேரம் புரட்டிப் பார்ப்பேன்.

வேலையில் சேர்ந்த பிறகு, வாடிக்கையாளர் இடத்தில் எந்தக் கருவியில் மாற்றம் செய்வதற்கு முன்பும் இருக்கும் கான்ஃபிகரேஷனை (கருவியின் அமைப்புகளை) நகலெடுத்து வையுங்கள். நீங்கள் பிடுங்கும் ஒவ்வொரு கேபிளிலும் போர்ட் எண்ணை எழுதி ஒட்டுங்கள். மாற்றம் வேலை செய்கிறது என்று உறுதியானதும் அதைக் கருவியில் சேமித்துவிட்டே கிளம்புங்கள். சேமிக்காமல் வந்துவிட்டால், அன்றிரவு மின்வெட்டு வந்து ஸ்விட்ச் மீண்டும் துவங்கும்போது பழைய நிலைக்கே சென்றுவிடும்; மறுநாள் காலை கடை திறந்தவுடன் அதே புகாருடன் உங்களுக்கு அழைப்பு வரும்.